தேதி போடாத லீவு லெட்டர்

கேட்டில் தொங்கிய தண்டவாளத் துண்டு கணகணவென்று அடித்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நேரம் கெட்ட நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான். எல்லோரும் செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஷெட்டுகளிலிருந்து வெளியே ஓடினார்கள். மாரிசெல்வியும் ஓடினாள். புகை எங்கேயும் தெரியவில்லை.

வாட்ச்மேன் ஒச்சப்பன் ஒரு கையில் இரும்புக் கம்பியும் மறு கையில் அவளுடைய செல்போனுமாக நின்றார். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருடையதும் அவர் மேசையில்தான் கிடக்கும்.

"ஏத்தா செல்வி, ஒன் மஸ்கட்டு மாப்பிள்ளை ஏழு தடவை அடிச்சுட்டாரு. என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"அதுக்கு மணி அடிப்பீகளாண்ணே? எங்களுக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு."

"அங்கன வரைக்கும் நடக்க முட்டி கேக்கமாட்டேங்குதுத்தா."

வெளியே ஓடி வந்த பெண்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பினார்கள். மாரிசெல்வி கேட்டைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே பாலகுரு எடுத்தான்.

"இந்தத் தடவையும் லீவு தரலை, புள்ள."

மஸ்கட்டில் ஒரு டைல்ஸ் கிடங்குக்கு அவன் வேலைக்குப் போய் மூன்று வருடம் நான்கு மாதம். அப்போது அவளுக்கு வயிற்றில் நான்கு மாதம். பிறந்த பானுப்பிரியாவுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. வருகிற அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்காவது அவன் வந்துவிட வேண்டும் என்று மாரிசெல்வி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"லெட்டரைப் படிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாக. ரத்தம் எடுத்தாக. ஒனக்கு ஒண்ணுமில்ல, போய் லோடு எறக்குன்னுட்டாக."

"லீவு கேட்டா ரத்தம் எதுக்கு எடுக்காக?"

"அவுகளைத்தான் கேக்கணும்."

"அந்த லெட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனோடு கேட்டுக்கு வெளியே இருந்த ஆபீஸுக்குப் போனாள். அங்கே கற்பகவல்லிதான் எல்லாம். பில் போடுவது, வடநாட்டு ஆர்டர்களுக்குப் பதில் எழுதுவது, பட்டாசுப் பெட்டியில் அச்சாகும் இங்கிலீஷ் வரிகளை எழுதிக் கொடுப்பது எல்லாமே அவள் வேலை. போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தவள் சிரித்துவிட்டாள். மாரிசெல்வியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ஒன் வீட்டுக்காரரு எத்தனாப்பு?"

"சாத்தூர்ல எட்டாப்பு வரைக்கும்."

"எட்டாப்புல மனப்பாடம் பண்ணுனதை அப்படியே எறக்கி வச்சிருக்காரு. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டாலும் நாம காய்ச்சல்னுதான எழுதுவோம்? நம்ம டீச்சருக்கு அது புரியும். மஸ்கட்டு மேனேஜருக்கு என்ன தெரியும்? காய்ச்சல்னதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டான்."

"மீதி என்னக்கா எழுதியிருக்கு? ஒன்றரைப் பக்கம் இருக்கே."

"'ஹம்பிள் சப்மிஷன்', 'ஐ பெக் டு ஸ்டேட்', 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்'. ஒன்றரைப் பக்கமும் கும்புடுதான். ஊருக்கு வரணும்னு எங்கயும் இல்ல. எந்தத் தேதின்னும் இல்ல."

"மரியாதையா எழுதணும்லக்கா."

கற்பகவல்லி மேசையிலிருந்த பெட்டி ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். "இதைப் பாரு. திரியைப் பத்த வை, தள்ளி நில்லு. இதுல என்ன மரியாதை இருக்கு? ஆனா படிச்சவன் கை தப்பிக்கும். லெட்டரும் அப்படித்தான் இருக்கணும். சொல்லு, அவரு எதுக்கு வரணும்?"

"பங்குனிப் பொங்கலுக்கு."

"அது வருசா வருசம் வரும். வேற."

"பிள்ளைக்குக் காது குத்தணும்."

"அதுக்குத் தாய்மாமன் மடி போதும். வேற."

"வீடு ஒழுகுதுக்கா."

"கொத்தனாரு வந்தாப் போதும்."

வீட்டுக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் வைத்து, மஸ்கட் நேரத்தில் ஓட விட்டிருந்தாள் மாரிசெல்வி. இப்போது எழுந்திருப்பார், இப்போது சாப்பிடுவார் என்று அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பொழுது போகும். அதனாலேயே இரண்டு முறை கம்பெனி பஸ்ஸை விட்டிருக்கிறாள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

"அவரைப் பாக்கணும்க்கா," என்றாள். "அம்புட்டுதான்."

கற்பகவல்லி நிமிரவில்லை. மளமளவென்று எழுதினாள். இங்கிலீஷில் நாலே வரி. பிறகு தமிழில் படித்துக் காட்டினாள்.

"மார்ச் 20 முதல் எனக்கு ஒரு மாதம் விடுப்பு வேண்டும். மூன்று வருடம் நான்கு மாதமாக நான் ஊருக்குப் போகவில்லை. என் மகளை இன்னும் நேரில் பார்க்கவில்லை. என் மனைவி என்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள்."

மாரிசெல்விக்குக் காதுவரை சூடேறியது. "கடைசி வரி வேணாம்க்கா. மேனேஜரு படிப்பாருல்ல."

"படிக்கத்தான எழுதுறோம்."

அதைப் போட்டோ எடுத்து அனுப்பிய மறு நிமிடமே பாலகுரு பார்த்துவிட்டான். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அன்று இரவும் மறுநாளும் பேசினான். வெயிலைப் பற்றிப் பேசினான், அறையில் யாரோ வைத்த சாம்பாரைப் பற்றிப் பேசினான், லெட்டரைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. மேனேஜர் வெளியூர் போயிருப்பார், நாளைக்குச் சொல்வார் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள். சந்தையில் அவனுக்குப் பிடித்த மொச்சையைப் பார்த்தபோது, இருபதாம் தேதிவரை தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை தூங்கியதும் அவளே கூப்பிட்டாள்.

"லெட்டரைக் குடுத்துட்டீகளா, இல்லையா?"

"பாத்து எழுதிச் சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன்."

"அஞ்சு நாளாவா? அதுல என்ன தப்பு இருக்கு?"

"தப்பு ஒண்ணுமில்ல. நல்லா எழுதியிருக்கு. குடுத்தா லீவு தந்துருவாக, செல்வி."

"அதுக்குத்தான எழுதுனோம்."

அந்தப் பக்கம் கதவைத் திறந்து அவன் வெளியே போகும் சத்தம் கேட்டது.

"முந்தி எழுதுன லெட்டருல தேதி போடத் தெரியாம விடலை," என்றான் பாலகுரு.

"பெறகு?"

"போனுல அப்பான்னு கூப்பிடுறது வேற, புள்ள. நான் வந்து வாசல்ல நிக்கிறப்போ, இது யாரும்மான்னு பிள்ள ஒன்கிட்ட கேட்டா, நான் எங்கன பாத்துக்கிட்டு நிக்கிறது?"