மூணு எடு, ரெண்டு விடு

மனிதன் செய்த பூட்டுகளில், ஆண்டவனே இறங்கி வந்தாலும் திறக்க முடியாத பூட்டு ஒன்றே ஒன்றுதான். அது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நேமிநாதனின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இப்படிச் சொன்னவர் நேமிநாதன்தான். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து தறிகளுக்கு அனுப்புவது அவர் தொழில். ஆறு வருஷத்துக்கு முன்னால் சிட்டிபாபு எதிரிலேயே வந்து அதே கடையைப் போட்டார். அந்த வாரமே நேமிநாதன் டிசைன்களைப் பூட்டும் சாப்ட்வேர் ஒன்றைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினம் காலை ஒன்பதரைக்குக் கீபோர்டின் மேல் துண்டைப் போர்த்தி, துண்டுக்குள் கையை விட்டு பாஸ்வேர்டு அடிப்பார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி இருக்கும்.

ஐயம்பேட்டையிலிருந்து கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்திருந்த சிம்ரனுக்கு அந்தத் துண்டின் மேல்தான் கண். சாமி பேரில், பிள்ளை பேரில், பைக் நம்பரில் என்று ஊர்ப்பட்ட பாஸ்வேர்டுகளை அவள் பார்த்தாயிற்று. போர்வை போர்த்திய பாஸ்வேர்டு இதுதான் முதல்.

வந்த வேலை சின்னது. தறிக்கு டிசைன் அனுப்பும் புது சாப்ட்வேர் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடாது, சிஸ்டத்தை மாற்றவேண்டும். மறுநாள் காலை ஒரு கல்யாணப் புடவையின் பார்டர் தறிக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த ஆர்டர் தெருவைத் தாண்டி சிட்டிபாபுவிடம் போய்விடும்.

"புது சிஸ்டம் ஏறமாட்டேங்குது சார். உங்க பூட்டு பழைய வெர்ஷன். எனக்கும் அதுக்கும் ஒத்துவராதுன்னு சொல்லிக்கினு நிக்குது."

"என் பூட்டு யாருக்குமே ஒத்துவராதும்மா. அதுக்குத்தானே வச்சிருக்கேன்."

"அதில்ல சார். பூட்டு போட்டா உள்ள இருக்கிற எழுத்தெல்லாம் சிக்கு விழுந்த நூல் மாதிரி ஆயிடும். அதைப் பிரிக்க இந்த சாப்ட்வேருக்குத்தான் தெரியும். புது சிஸ்டத்துல இது ஓடாது. அதனால மொதல்ல பாஸ்வேர்டு போட்டு சிக்கைப் பிரிச்சுட்டு, பூட்டைக் கழட்டணும். சிஸ்டம் மாத்தினதும் புது வெர்ஷன் போட்டுக்கலாம்."

"அது வரைக்கும் எல்லாம் திறந்து கிடக்குமா?"

"ரெண்டு மணி நேரம்."

நேமிநாதன் எதிர்க்கடையைப் பார்த்தார். சிட்டிபாபு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் டீ குடித்த விதமே சரியில்லை என்று நேமிநாதனுக்குப் பட்டது.

டெஸ்க்டாப்பில் 'டிசைன்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். சிம்ரன் மவுஸை அதன் பக்கம் நகர்த்தினாள்.

"தொடாதேம்மா! பாஸ்வேர்டு போடாம தொட்டா அத்தினியும் அழிஞ்சுடும்."

அப்படி எதுவும் அழியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கடை அவருடையது, கையை எடுத்துக்கொண்டாள்.

"திரும்பி நில்லு."

சிம்ரன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து நின்றாள். துண்டுக்குள் எட்டு முறை சத்தம் கேட்டது. பிறகு 'டிங்'. தப்பு. மறுபடி எட்டு, மறுபடி டிங். ஐந்தாவது டிங்கில் அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஆறு வருஷம் தினம் அடித்த விரல் இன்றைக்கு ஏன் வழி தவறுகிறது?

"எங்கியாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா சார்?"

"வச்சிருக்கேன். எவனும் பார்க்க முடியாத இடத்துல."

"எடுத்துப் பாருங்களேன்."

நேமிநாதன் துண்டை இழுத்துச் சரிசெய்தார். காது மடல் சிவந்தது. "அது இப்ப முடியாது."

உள்ளேயிருந்து அவர் மனைவி குணமாலா வந்தார். "பொழுது சாய்ஞ்சுக்கினு வருது, சாப்பிட வாங்க." சமணர் வீடு, சூரியன் மறைந்துவிட்டால் சாப்பாடு மறுநாள்தான்.

"அம்மா, தினமும் இப்பிடித்தான் அடிப்பாரா?" என்று சிம்ரன் கேட்டாள்.

"துண்டு அதே துண்டுதான். ஆனா இன்னிக்கு ஏன் வாயை மூடிக்கினு அடிக்கிறாரு?"

"நான் எப்ப வாயைத் திறந்தேன்?" என்றார் நேமிநாதன்.

சிம்ரனுக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பெல்லாம், கட்டம்போட்ட தாளில் இருக்கும் டிசைனை ஒருவர் உரக்கப் படிப்பார், எந்த இழையை எடு, எந்த இழையை விடு என்று. இன்னொருவர் கேட்டு, தறியில் மாட்டும் அட்டையில் துளை போடுவார். நேமிநாதன் தொழில் படித்தது அப்படி. வாய் சொன்னால்தான் கை போகும். இன்று பக்கத்தில் வெளி ஆள் என்று உதட்டை இறுக்கிக்கொண்டார்; கை அநாதையாகிவிட்டது.

வாசற்படியில் டீ கிளாஸோடு சிட்டிபாபு நின்றிருந்தார்.

"என்ன நேமி, ரொம்ப நேரமா டிங்கு டிங்குன்னு கேக்குது, பாட்டைக் காணோமே? மூணு எடு, ரெண்டு விடு, அஞ்சு எடு, ஒண்ணு விடு. ஆறு வருசமா அதைக் கேட்டுத்தான்பா நான் ஷட்டரே தூக்கறேன்."

சிம்ரன் துண்டை எடுத்து மடித்து வைத்தாள். மூன்று, எடுவுக்கு ஒரு இ, இரண்டு, விடுவுக்கு ஒரு வி. 3e2v5e1v. எட்டு. அடித்தாள். டிங் வரவில்லை.

"தெரிஞ்சு வச்சிக்கினு... நீ தொறந்து பார்த்தியா?" என்றார் நேமிநாதன்.

"அந்த அழுக்குத் துண்டைத் தொடணுமே நேமி. அதுக்கு யாருக்கு மனசு வரும்?"

கல்யாணப் புடவையின் பார்டர் பத்திரமாக 'டிசைன்ஸ்' ஃபோல்டரில் இருந்தது. காலையில் தறிக்குப் போகலாம். வெளிச்சம் இன்னும் பாக்கியிருந்தும் நேமிநாதன் சாப்பாடு வேண்டாம் என்றார். ஏனென்றால் சிம்ரன் பூட்டைக் கழட்டும்போது திரையை அவர் பக்கம் திருப்பியிருந்தாள். பூட்டு 'டி' டிரைவுக்கு மட்டும்தான் போட்டிருந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த 'டிசைன்ஸ்' ஆறு வருஷமாக அதற்கு வெளியே, யார் தொட்டாலும் திறக்கும்படி கிடந்தது.

'டி' டிரைவில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது. மறந்துபோனால் பார்த்துக்கொள்ள அவர் எழுதி வைத்த பாஸ்வேர்டு.