மறந்துபோன இடத்தில் ஒரு மௌனம்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் மருத்துவரின் வாழ்க்கையை வைத்து யாரோ எழுதிய நாடகம் மூன்றாம் முறையாக மேடையேறுகிறது. நான் எழுதிய நாடகங்கள் ஒத்திகையைக்கூடத் தாண்டியதில்லை. பொறாமைக்காரன் சொல்லும் கதை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2

‘திரை உயர்ந்தது. அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு…’

வேண்டாம். இப்படி ஆயிரம் பேர் தொடங்கியாயிற்று.

மேடையோரத் திரைமறைவில், முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் மூத்தவள். மடியில் நாடகப் பிரதி. மேடையில் மருத்துவராக நிற்பவள் அவளுடைய தங்கை. முந்தைய இரண்டு முறையும் அந்த வேடம் மூத்தவளுடையது.* இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வேடம் கைமாறினால், முதல் நாளன்று பழையவர்தான் புதியவருக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெருந்தன்மை வளரட்டும் என்று ஏற்படுத்தினார்களாம். ஏற்படுத்தியவருக்குத் தங்கை இருந்திருக்க மாட்டாள்.

(* முதல் முறை, பள்ளிக்கூட மண்டபத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. இரண்டாம் முறை, புதுமை என்று எல்லோருக்கும் வெள்ளை உடை. யார் நர்ஸ், யார் நோயாளி என்று கடைசிவரை விளங்கவில்லை. இரண்டையும் காப்பாற்றியது ஒரு மௌனம்.)

3

அந்த மௌனம் இதுதான். மருத்துவரின் மகன் தொற்றுநோயில் செத்துப்போகிறான். வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். அவள் பேச்சற்று நிற்கிறாள். பிறகு, “கதவைத் திறங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க” என்கிறாள். சபை அழும். பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தன.

பிரதியில் அப்படியொரு மௌனமே கிடையாது. முதல் முறை மேடையேறிய முதல் நாள் மூத்தவளுக்கு வசனம் மறந்துபோயிற்று, அவ்வளவுதான். திருதிருவென்று முழித்தாள். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மறுநாளிலிருந்து தெரிந்தே நின்றாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. [எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.]

4

ஒத்திகையில் இளையவள் கேட்டாள். “அக்கா, அங்க நிக்கிறப்ப நீ மனசுல என்ன நெனச்சுப்ப?”

“அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராதுடி. தானா வரணும்.”

“வரலைன்னா?”

“எடுத்துக் குடுக்கத்தான் நான் இருக்கேனே.”

இயக்குநர் சும்மா இருந்திருக்கலாம். “உங்களைவிட உங்க தங்கச்சி நிக்கிறது இன்னும் நல்லா இருக்கு, இல்ல?” என்றார்.

மூத்தவள் சிரித்துவைத்தாள். உள்ளே பற்றி எரிந்தது. சின்ன வயதில் இவளுடைய பழைய சட்டைகளைத் தங்கை போடும்போதெல்லாம், “இவளுக்குத்தான் எடுப்பா இருக்கு” என்பார்கள் வீட்டில். ‘சட்டைதான் போனது, என் மறதியைக்கூட எனக்கென்று விட்டுவைக்க மாட்டாளா?’

5

இன்று முதல் நாள். மகன் செத்துவிட்டான். இளையவள் நிற்கிறாள். சபையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். நிற்கிறாள். இன்னும் நிற்கிறாள். கட்டைவிரல் மோதிரவிரலைத் தேய்க்கிறது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மறந்தபோதெல்லாம் அவள் செய்தது அது. அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

நிஜமாகவே மறந்துவிட்டது.

முடிவு அ: மூத்தவள் மெல்ல எடுத்துக் கொடுக்கிறாள். முன்னெப்போதும் இல்லாத கைதட்டல். அவளும் கண்ணீரோடு… (அடித்துவிட்டேன். இவ்வளவு நல்லவளை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: வாயை இறுக மூடிக்கொள்கிறாள். யாரோ இருமுகிறார். யாரோ சிரிக்கிறார். தங்கை… (எழுதும்போது எனக்கு இனித்தது. அதனாலேயே நம்பவில்லை.)

6

ஒன்றைச் சொல்லாமல் மறைத்துவிட்டேன். சொன்னால் இளையவள் ரொம்ப நல்லவளாகிவிடுவாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

மூத்தவள் முழித்துக்கொண்டு நின்ற அந்த முதல் நாளில், திரைமறைவில் பிரதியோடு இருந்தவள் தங்கைதான். “கதவைத் திறங்க” என்று கிசுகிசுத்தவள் அவள். பத்திரிகைகள் அக்காவைக் கொண்டாடிய அத்தனை வருஷமும் அவள் வாய் திறக்கவில்லை.

இப்போது இளையவள் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திரைமறைவின் பக்கம் ஓட்டுகிறாள். மூத்தவளின் உதடு பிரிகிறது. அதிலிருந்து என்ன வரும் என்று எழுத என் கைக்குத் தைரியமில்லை. நான் எழுந்துகொள்கிறேன். முக்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

வசனம் உங்களுக்குத் தெரியும்.