கறுப்புப் பனிக்கட்டிக்குக் கீழே

ஹில்மா நியெமி அந்த அக்டோபரில் படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போர்த்திக் கட்டிவிட்டு, இனிமேல் யாரையும் மீன்பிடிக்க அழைத்துப் போவதில்லை என்று முடிவெடுத்தாள். தொலைபேசியில் கூப்பிட்ட பழைய வாடிக்கையாளர்களிடம், "ஏரியில மீன் இல்லைங்க. வீணா அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வராதீங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஆள் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்துகொண்டாள்.

தமராக் ஏரி அவளுக்குப் பழகாத ஏரி இல்லை. அந்த ஏரியில் வால்ஐ பிடிக்கத்தான் ஜனங்கள் வருவார்கள். வால்ஐ என்பது இருட்டில் பூனையைப்போலக் கண் மின்னும் மீன். தின்ன அவ்வளவு ருசி. மே மாதம், பனி உருகித் தண்ணீர் இன்னும் கை மரத்துப்போகிற குளிரில் இருக்கும்போது, ஓடை வந்து விழும் சரளைத் தரையில் அது கூடும். ஈயக்குண்டு கோத்த தூண்டிலில் சின்ன மீனைக் குத்தி, தரையோடு தரையாக இழுத்தால் போதும். ஜூனில் நீர்ப்பாசியின் ஓரத்துக்கு வரும், அங்கே தூண்டிலில் குத்த அட்டைப்பூச்சி. வெயில் ஏறிவிட்டால் ஏரி நடுவில் முங்கிக் கிடக்கிற பாறை மேட்டுக்கு இறங்கும். அங்கே மண்புழுவைக் கட்டி, படகை ஆமை வேகத்தில் ஓட்ட வேண்டும். செப்டம்பரில் காற்று எந்தக் கரையை அடிக்கிறதோ அந்தக் கரை. இதெல்லாம் ஹில்மாவுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவள் சொன்ன இடத்தில் மீன் இல்லாமல் இருந்தது அபூர்வம்.

அப்புறம் ஏரிக்குள் வரி போட்ட சிறு மட்டிகள் வந்து சேர்ந்தன. எந்தப் படகின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தனவோ, யாருக்கும் தெரியாது. தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடந்த ஏரியை அவை குடித்துக் குடித்துத் தெளிய வைத்துவிட்டன. இரண்டு ஆள் ஆழத்தில் போட்ட நங்கூரம் கண்ணுக்குத் தெரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஓடை முகத்தில் மீன் இல்லை, பாசி ஓரத்தில் இல்லை, பாறை மேட்டில் இல்லை. அதன் பிறகு வந்த இரண்டு கோடையும் ஹில்மா வெறும் பெட்டியோடு திரும்பினாள். தூண்டில் கடைக்காரர், "ஏரி செத்துப்போச்சும்மா" என்றார். முதலில் அவரோடு சண்டை போட்டாள். இரண்டாவது கோடை முடிவில் சண்டை போடவில்லை.

நவம்பர் கடைசியில் காற்று சுத்தமாக அடங்கி, குளிர் மட்டும் இறங்கியது. ஓர் இரவு, இரண்டு இரவு, மூன்றாவது இரவும் ஒரு இலை அசையவில்லை. ஒரு துளி பனியும் பெய்யவில்லை. ஏரி அலையே இல்லாமல் அப்படியே இறுகியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய தம்பி ஆர்வோ கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். சாலையில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறவன். பனி பெய்யாததால் வேலையில்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஹில்மா, பூட்ஸ மாட்டு. ஏரிக்குப் போலாம்."

"எனக்கு ஏரியும் வேணாம், மீனும் வேணாம்."

"மீன் பிடிக்கச் சொல்லலடி. வந்து பாரு. சும்மா பாரு. கண்ணாடி போட்ட மாதிரி இருக்கு."

"நாளைக்கு இருநூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு மசிக்கணும். எனக்குக் கை வலிக்குது."

"கையால நடக்கப் போறியா என்ன?"

ஆர்வோ விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கழுத்தில் இரண்டு பனிக்குத்திகளை மாட்டிக்கொண்டாள். தவறி விழுந்தால் பனியைக் கவ்வி ஏற அவைதான் கை. ஆர்வோ சறுக்குப் பலகை மேல், பனியில் துளை போடும் திருகு, தூண்டில், கயிறு, ஒரு குடுவை காபி, ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி எல்லாம் ஏற்றியிருந்தான். "சும்மா பாக்கத்தான்னு சொன்னே" என்றாள். "தூண்டிலும் பாக்கட்டுமே, பாவம்" என்றான் அவன்.

கரையில் கால் வைத்ததும் ஹில்மா நின்றுவிட்டாள்.

அறுபது வருஷமாக அந்த ஏரிக்கரையில் இருக்கிறவள். இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. பனிக்கட்டி வெள்ளையாக இல்லை; பனிக்கட்டி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கால் வைக்கிற இடத்தில் தண்ணீரும், தண்ணீருக்குக் கீழே மணலும்தான் தெரிந்தன. மணலில் மட்டி ஒன்று ஊர்ந்த கோடு தெரிந்தது. ஆர்வோ இரும்புக் கடப்பாரையால் முன்னே ஓங்கிக் குத்தினான். நங் என்ற சத்தம் அக்கரை வரை போய்த் திரும்பி வந்தது.

"கையகலத்துக்கு மேல இருக்கு. தாங்கும்."

அவன் ஒவ்வொரு எட்டுக்கும் குத்திக்கொண்டு முன்னால் போனான். அவள் பின்னால் போனாள். முதலில் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் மேல் நடக்கிறோம் என்று கால் கூசியது. பச்சைப் பாசி குளிர்காலம் வந்தது தெரியாமல் நிமிர்ந்து நின்றது. பாசிக் காட்டுக்குள் சின்னப் பெர்ச் மீன்கள் கூட்டமாக நின்றன. அவர்களுடைய நிழல் விழுந்ததும் ஒரே வீச்சில் திரும்பின. முங்கிக் கிடந்த ஒரு மரக்கட்டைக்குப் பக்கத்தில், அதையும் மரக்கட்டை என்றே அவள் நினைத்தாள், பைக் மீன் ஒன்று கிடந்தது. முதலைவாய். அது அவளைப் பார்த்தது. செவுள் மட்டும் மெதுவாகத் திறந்து மூடியது.

ஹில்மா குனிந்து முழங்காலிட்டாள். "இவ்வளவு வருஷமா இதுங்க தலைக்கு மேலதான் படகு ஓட்டிட்டு இருந்திருக்கேன்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அதுவும் உன்னைப் பத்தி அப்படித்தான் நினைக்கும். இந்தப் பொம்பளைக்கு வேற வேலையே இல்லையான்னு."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பேச்சு காதில் விழவேயில்லை.

நடு ஏரியில் பாறை மேட்டுக்கு வந்தார்கள். இத்தனை வருஷமாகப் படகில் ஆழம் காட்டும் சோனார் திரையில் வெறும் முதுகுக்கோடாக மட்டும் அவள் பார்த்த மேடு, இப்போது உருண்டைக் கற்களும் இடுக்குகளுமாக முழுசாகக் கண்முன்னே கிடந்தது. கல்லெல்லாம் மட்டி அப்பியிருந்தது. ஒரு மீன் இல்லை.

"பாத்தியா? நான் சொன்னா நம்பமாட்டே. காலி" என்றாள்.

ஆர்வோ காபியை ஊற்றிக் கொடுத்தான். ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. குளிர் ஏற ஏற ஏரி பேச ஆரம்பித்தது. அடியில் எங்கேயோ பெரிய மிருகம் ஒன்று உறுமுகிற மாதிரி ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு விரிசல் வெள்ளை நூலாக அவர்களுக்கு நடுவே ஓடி, அந்தப் பக்கக் கரை வரை போய்விட்டது. பனி இறுகுகிறபோது அப்படித்தான் கத்தும். பயப்பட ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் காபிக் குவளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"செங்குத்துப் பாறைப் பக்கமா சுத்திட்டு வீட்டுக்குப் போலாம்" என்றான் ஆர்வோ.

வடகரையில் மலை நேரே தண்ணீருக்குள் இறங்குகிற இடம் அது. அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. மேடும் இல்லை, பாசியும் இல்லை, வெறும் ஆழம். படகு அந்தப் பக்கம் போகும்போது திரையில் நடுத்தண்ணீரில் வில் வில்லாகக் கோடுகள் விழும். டுலிபீ என்கிற வெள்ளிநிறக் கூட்டமீன் அது, வால்ஐ நடுத்தண்ணீரில் மிதக்காது என்று ஹில்மா அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

பாறைச் சுவருக்குப் பக்கத்தில் பனி கறுப்பாக இருந்தது. அடி தெரியவில்லை. ஹில்மா குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கண்ணைச் சுற்றி மறைப்பாக வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். முதலில் இருட்டு. பிறகு, வெகு கீழே, இருட்டு நகர்வதுபோல இருந்தது.

"ஆர்வோ."

"என்ன?"

"பேசாத. வந்து படு."

அவனும் படுத்தான். ஆழத்திலிருந்து அவை ஏறி வந்துகொண்டிருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக அல்ல. ஒரு ஊரே எழுந்து புறப்பட்டதுபோல. தங்க நிற விலா, முதுகில் கறுப்புப் பட்டை, வால் நுனியில் அந்த வெள்ளைப் பொட்டு. அவளுக்கு அந்தப் பொட்டைத் தூக்கத்திலும் தெரியும். வால்ஐ. பாறைச் சுவரை உரசினாற்போல, அவசரமே இல்லாமல், அவை மேலேறி, அவளுடைய மார்புக்கு நேர்கீழே ஒரு பனித்தகடு தூரத்தில் கடந்து போயின. சிறிசுகள் போயின. கை நீளத்து மீன்கள் போயின. பிறகு பெரியவை வந்தன: அகன்ற முதுகும் கிழட்டு முகமுமாக, அவள் சின்ன வயசில் படகிலிருந்து பார்த்த மீன்களே அவையோ என்று தோன்றும்படியாக.

ஆர்வோ தலைவிளக்கைப் போட்டான்.

அந்த ஒளியில் கண்கள் மட்டும் தெரிந்தன. நூறு நூறு கண்கள், பச்சையும் பொன்னுமாக, கீழே கீழே, இன்னும் கீழே, ஆழம் முடிகிற வரை. மேலே இன்னும் நட்சத்திரம் வரவில்லை. வானத்தைப் புரட்டிக் காலடியில் போட்ட மாதிரி இருந்தது. ஹில்மாவின் மூச்சு பனியில் படிந்து மறைத்தது. கையுறையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கன்னம் பனியில் ஒட்டி எரிந்ததுகூடத் தெரியவில்லை.

"அணைடா. அதுங்களுக்குக் கூசும்" என்றாள்.

அவன் அணைத்தான். "ஏரி செத்துப்போச்சுன்னாங்க" என்றான்.

"நானும்தான் சொன்னேன்."

கூட்டம் கிழக்கே திரும்பியது. ஹில்மா எழுந்து அதோடு கூடவே நடந்தாள். ஆட்டு மந்தையோடு போகிறவள் மாதிரி, கண் கீழேயே இருக்க, அது போன இடமெல்லாம் போனாள். மேலே செவ்வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. தண்ணீர் ஆழம் குறைந்து குறைந்து வந்தது. சரளைக் கல் தெரிந்தது. மீன்கள் பரவி, தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கின. கடப்பாரைச் சத்தம் கேட்டு வெகுநேரமாகிவிட்டது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"ஹில்மா! நில்லு. ஓடை வாய்க்கு வந்துட்டே."

நின்றாள். ஓடை வாய்: தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் பனி கடைசியில் கட்டுகிற இடம். அவள் காலடியிலிருந்து நாலாபுறமும் வெள்ளைக் கோடுகள் பூப்போல விரிந்தன. படுக்க வேண்டும் என்று நினைத்தாள். படுப்பதற்குள் இடது கால் உள்ளே போய்விட்டது. தொடை வரை குளிர் பாய்ந்தது. கையை விரித்து மார்பால் விழுந்தாள்.

"அசையாத. கயிறு வருது" என்றான் ஆர்வோ. அவனும் வயிற்றால் படுத்து, கயிறு கட்டிய சறுக்குப் பலகையை அவள் பக்கம் தள்ளினான். காபிக் குடுவை உருண்டு போனது. அவள் ஒரு கையில் பனிக்குத்தியை எடுத்துப் பனியைக் குத்திப் பிடித்து, மறு கையால் பலகையின் விளிம்பைப் பற்றினாள். அவன் இழுத்தான். கால் வெளியே வந்தது. நிற்காமல், எழாமல், உருண்டு உருண்டு கெட்டிப் பனிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிறகு ஆர்வோ தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டுக்கொண்டே திட்டினான்.

"அறிவிருக்கா உனக்கு? மீன் பின்னாடியே ஏரிக்குள்ள போயிருப்பே."

"ஒண்ணுகூடக் கலையலடா" என்றாள் அவள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "என் கால் உள்ள போச்சில்ல, அதுங்க வட்டமா விலகி நின்னுச்சு. அப்புறம் திரும்ப வந்துடுச்சு."

அன்று தூண்டில் போடவில்லை. மறுநாள் விடிவதற்குள் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டி ஏரியை மூடிவிட்டது. ஆர்வோ வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனான். ஹில்மா வீங்கிய காலோடு உருளைக்கிழங்கு மசிக்கப் போனாள். தூண்டில் கடையில் ஆர்வோ கதையைச் சொன்னபோது கடைக்காரர், "காபியில என்ன கலந்திருந்தே?" என்று கேட்டார்.

குளிர்காலம் முழுக்க ஹில்மா கரண்டியால் கிளறிக்கொண்டே யோசித்தாள். ஏரி மாறிவிட்டது, மீன் அதற்குத் தக்கபடி மாறிக்கொண்டது, மாறாமல் இருந்தது அவள் ஒருத்திதான். தண்ணீர் தெளிந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. அதனால் பகலில் ஆழத்துக்கு மேலே, நடுத்தண்ணீரில், டுலிபீக் கூட்டத்தோடு கூட்டமாக மிதந்து கிடக்கின்றன. பொழுது சாய்ந்த பிறகுதான் பழைய மேய்ச்சலுக்கு வருகின்றன. திரையில் டுலிபீ என்று அவள் ஒதுக்கித் தள்ளிய வில் கோடுகளில் அவையும் இருந்திருக்கின்றன. இரண்டு கோடையும் அவற்றின் மேலேயே ஓட்டிக்கொண்டு, அவற்றைத் தேடிப் போயிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் படகை இறக்கினாள். ஜூலையில் ஒரு பட்டப்பகலில், பழைய வாடிக்கையாளர் ஒருவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வடகரைக்குப் போய் எஞ்சினை அணைத்தாள்.

"இங்கயா? இங்க அடியே இல்லையேம்மா" என்றார் அவர்.

"அடி வேணாங்க. தூண்டிலப் பாதி ஆழத்துல நிறுத்துங்க. கம்பைச் சும்மா பிடிச்சிருங்க."

அவர் மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாளின் கையிலிருந்த கம்பு தண்ணீர் வரை வளைந்தது. கத்தவில்லை, வாய் திறந்தபடியே இருந்தது. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, தங்க நிறத்தில் ஒன்று படகோரம் வந்து புரண்டபோது, அந்த அம்மாள் ஹில்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இது இங்க இருக்கும்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"பாத்தேன்" என்றாள் ஹில்மா, வலையை மீனுக்கு அடியில் கொடுத்தபடி. அந்த அம்மாள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். ஹில்மா மறுக்கவில்லை. கணவரின் கம்பும் அப்போது மெல்லத் துடிக்கத் தொடங்கியிருந்தது.