பெங்குவின் சார் பட்டியலில் இல்லை

கணக்கு டீச்சர் கையில் மாவுக்கட்டோடு கண்ணாடிக்கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரி எழுந்து நின்றாள்.

போன வாரம்தான் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போனவர். இப்போது அதே கண்ணாடியை மேஜைமேல் வைத்து, நல்ல கையால் அவள் பக்கம் தள்ளினார்.

“இதைப் போட்டுக்கிட்டுதான் மாடியிலேருந்து இறங்கினேன். ஆயுசு பூரா கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். இருக்கிற படியிலே ஒண்ணு குறைஞ்சு தெரிஞ்சுது. மிச்சத்தை உருண்டுதான் இறங்கினேன்.”

“ஐயோ டீச்சர்! உக்காருங்க முதல்ல.”

கண்ணாடியை வாங்கி, பவர் பார்க்கும் கருவியில் வைத்தாள். கம்ப்யூட்டரில் டீச்சரின் பெயரைத் தட்டினாள். இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போயின. கோளாறே அதுதான். இரண்டுமே டீச்சரின் பழைய பவர். போன வாரம் கண்ணைச் சோதித்துவிட்டுப் புதிய பவரைப் பதிந்தவள் அவளேதான். எழுத்துப் பலகையைத் தப்பில்லாமல் படித்ததற்கு டீச்சர் மார்க் கேட்டதுகூட நினைவிருந்தது. அந்தப் பதிவு எங்கே போயிற்று?

காசு வாங்காமல் வேறு கண்ணாடி செய்து தருவதாகச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, டீச்சரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து மற்றவர்களின் பெயர்களையும் தட்டிப் பார்த்தாள். புதிதாக வந்தவர்களின் பெயர்களே இல்லை. பழையவர்கள் எல்லோரும் பழைய பவருக்குத் திரும்பியிருந்தார்கள்.

“சுண்டு! இங்க வா!”

உள்ளறையில் லென்ஸை ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்தும் பெண் எட்டிப் பார்த்தாள். ஆள் குள்ளம், அதனால் கடையில் எல்லோருக்கும் அவள் சுண்டு. லென்ஸ் தூசியிலேயே காலம் தள்ளுவதில்லை என்ற வைராக்கியத்தில், சாயங்காலங்களில் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் மென்பொருள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தாள்.

“யாரும் அழிச்ச மாதிரி இல்லக்கா. பழைய காப்பி புதுசு மேல ஏறி உக்காந்திருக்கு.”

“அது எப்படி ஏறும்?”

“பேக்கப் எடுக்கும்போது எங்கேருந்து, எங்கேன்னு ரெண்டு இடம் சொல்லணும். முதல்ல சொல்ற இடத்துல இருக்கறது ரெண்டாவது இடத்துக்குப் போகும். மாத்திச் சொன்னா மாத்திச் செய்யும். ஏன்னு ஒரு வார்த்தை கேக்காது.”

“அப்படியே இருந்தாலும் நேத்துக் காப்பிதானே ஏறியிருக்கணும்?”

சுண்டு நகத்தைக் கடித்தாள். “தினமும் ஒழுங்கா எடுத்திருந்தா அப்படித்தான். ரொம்ப நாளா எடுத்த மாதிரியே தெரியலக்கா.”

பேக்கப் எடுப்பது ஒரே ஒருவர்தான். கடைக்காரியின் அப்பா.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடையின் மூன்று கம்ப்யூட்டர்களும் நத்தையாகி, பழைய இரும்புக்குப் போக இருந்த சமயத்தில், தானே தேடிப் படித்து மூன்றிலும் லினக்ஸைப் போட்டு ஓட வைத்தார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் லினக்ஸின் சின்னமான பெங்குவின் படத்தை ஒட்டினார். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் பெங்குவின் சார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைக்கப்பட்டவர்கள்தான் பாவம். எழுந்து ஓடவும் முடியாது. மருந்து வேலை செய்யும்வரை லினக்ஸின் பெருமையைக் கேட்டே ஆக வேண்டும்.

கடை மூடும் நேரத்தில் கறுப்பு டிஸ்க்கை மாட்டிப் பேக்கப் எடுப்பது அவருடைய தனி உரிமை. பொத்தானை அமுக்கினால் தானே எடுக்கும் வசதியெல்லாம் அவருக்கு இளக்காரம். கட்டளையைக் கையால் அடிப்பார்.

பாங்குக்குப் போயிருந்தவர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். மகள் விஷயத்தைச் சொன்னாள்.

“என் கை தப்பாதும்மா. எக்ஸ்சேஞ்சில அத்தனை வருஷத்துல ஒருத்தர் லைனை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்ததில்ல நான்.” அவர் பார்வை சுண்டுமேல் விழுந்தது. “இந்தப் பொண்ணு அரைகுறையாக் கத்துக்கிட்டு வந்து நோண்டியிருக்கா.”

“எனக்குப் பாஸ்வேர்டே தெரியாது சார். எதை வெச்சு நோண்டுறது, ஸ்க்ரூ டிரைவரை வெச்சா?”

“பாத்தியா, பாத்தியா! வாயைப் பாத்தியா!”

கடைக்காரி இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், வாய் வரவில்லை. சுண்டு அந்த மௌனத்தைக் கவனித்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளறைக்குள் போனாள்.

மறுநாள் முழுக்க, கையில் சீட்டு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களைப் போனில் பிடித்துப் பவர் கேட்டே தொண்டை கட்டியது. சீட்டைத் தொலைத்தவர்கள் மறுபடி சோதனைக்கு வந்தார்கள். “கண்ணாடிக்கடை கம்ப்யூட்டருக்கே கண்ணு தெரியலையா?” என்று ஒருவர் கேட்டுவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஃப்ரேம்களைத் துடைக்கிற சாக்கில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

அவர் ‘டேட்’ என்று அடித்தார். மெஷின் கிழமையையும் தேதியையும் சொன்னது. தலையாட்டிக்கொண்டார். டிஸ்க்கை மாட்டினார். மறுபடி ‘டேட்’. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் ‘டேட்’. எதிர்ச் சுவரில்தான் காலண்டர் தொங்கியது. ஆனால் அண்ணாந்து அதைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். மெஷினிடம் கேட்டால் அது யாரிடமும் போய்ச் சொல்லாது.

துடைத்துக்கொண்டிருந்த ஃப்ரேமை அவள் கீழே வைத்தாள்.

அவர் நீளமான கட்டளையை அடிக்கத் தொடங்கினார். முதலில் டிஸ்க்கின் பெயர் வந்தது. அதற்குப் பிறகு கடையின் பதிவுகள் இருக்கும் இடம். விரல் என்டர் பொத்தானுக்குப் போனது. பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அப்பா, அடிச்சதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க.”

படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகம் வெளுத்தது. பிறகு அதே முகம் சிவந்தது.

“பின்னால நின்னுக்கிட்டு நீ பேச்சுக் குடுத்தா குழம்பாம என்ன செய்யும்?”

அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

வெளியூரிலிருந்த தம்பிக்குப் போன் போட்டாள். “டாக்டர்கிட்ட காட்டுக்கா. ஆனா கம்ப்யூட்டரை மட்டும் அவர்கிட்டேருந்து பிடுங்கிடாத. அது ஒண்ணுதான் அவரை ஓட்டுது” என்றான். சொல்வதற்கென்ன, அவன் வீட்டு மாடிப்படியில் யாரும் உருளவில்லை. டாக்டரிடம் நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை தினமும் அந்தி வரும், கறுப்பு டிஸ்க்கும் வரும்.

சுண்டு வேறு பக்கத்திலிருந்து இடித்தாள். “அடுத்த தடவை போனாலும் பழி என் தலையிலதான்கா விழும். சார் அந்த நாற்காலியில இருக்கணுமா, நான் உள்ள இருக்கணுமா, நீங்களே சொல்லிடுங்க.”

“அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும் சுண்டு. தப்பு என்னுது.”

“தப்பு யாருதோ. வழியைச் சொல்லுங்க.”

“எனக்குக் கத்துக் குடு.”

அப்பா இருக்கிறாரே என்று இத்தனை காலமும் அவள் லினக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மதியம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனதும் உள்ளறையில் பாடம் நடந்தது. தேய்க்கும் கருவி ஒரு பக்கம் கிர்ரென்று ஓட, கடைசிக் கம்ப்யூட்டரின் முன்னால் அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தாள்.

“சுண்டு, கீபோர்டு செத்துப்போச்சு. பாஸ்வேர்ட் அடிக்கிறேன், ஒண்ணுமே வரலை.”

“சாகலக்கா. பாஸ்வேர்டுக்கு அது ஒரு புள்ளிகூடக் காட்டாது. நம்பி அடிங்க.”

மற்றவர் தொடக் கூடாததைத் தொட வேண்டுமென்றால் கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ என்று போட வேண்டும். பேக்கப்புக்கும் அதேதான். அந்த உரிமை யார் யாருக்கு என்று மெஷின் ஒரு பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் அப்பா மட்டும்தான் இருந்தார். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றாலும் அவர்தான் சேர்க்க வேண்டும்.

அவரிடமே போய்க் கேட்டாள். “அப்பா, என்னையும் அந்தப் பட்டியல்ல சேருங்களேன். நானும் கத்துக்கறேன்.”

அவர் முகம் மலர்ந்ததை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

“இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் வழிக்கு வந்தியா! நாற்காலியை இழு.” மூன்று மெஷினிலும் அவரே அடித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை, ஒரு இடத்தில் தயங்கவில்லை. தான் நினைத்ததெல்லாம் தப்போ என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. “முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. பட்டியல்ல இருக்கிற கடைசி ஆளை எடுத்துடாத. அப்புறம் கடையை உள்பக்கமாப் பூட்டிக்கிட்ட கதைதான்.”

“ரெண்டு பேர் இருக்கோமேப்பா.”

“ஆமா, இப்ப ரெண்டு பேர். தைரியம்தான்.” நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு ‘டேட்’ என்று அடித்தார்.

அடுத்த நாள் மதியம், அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவள் பட்டியலிலிருந்து அவரை எடுக்கும் கட்டளையை அடித்தாள். இரண்டு தடவை பிழை வந்தது.

“நான் அடிக்கட்டுமாக்கா?” என்றாள் சுண்டு.

“வேணாம். இதுவாவது உன் தலையில விழாம இருக்கட்டும்.”

மூன்று மெஷினிலும் வேலை முடிந்தது. மெஷின் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தார். டிஸ்க்கை மாட்டினார். கட்டளையை அடித்தார், பாஸ்வேர்டைக் கொடுத்தார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. நீங்கள் பட்டியலில் இல்லை, இந்த முயற்சி உரியவருக்குத் தெரிவிக்கப்படும் என்பது அதன் பொருள்.

உதடு அசைய அந்த வரியைப் படித்தார். உள்ளறையில் தேய்க்கும் கருவி நின்றது.

“யாருக்குத் தெரிவிக்குமாம் இது?”

கடைக்காரி கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்குத்தான்பா.”

“ஓகோ.” கொஞ்ச நேரம் பெங்குவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்குத்தான் கத்துக்க வந்தியா?”

பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் எழுந்துவிட்டார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையை எடுக்காமலே இறங்கித் தெருவில் நடந்தார். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை, தன் அறைக் கதவையும் திறக்கவில்லை. இனி இந்த ஜென்மத்தில் தன்னோடு பேச மாட்டார் என்று நினைத்துக்கொண்டே அவள் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அவள் கடையைத் திறக்கும்போது அப்பா வாசலில் நின்றார். முகம் தெளிவாக இருந்தது.

“என் குடையைப் பாத்தியாம்மா? எங்க வெச்சேன்னே தெரியலை.”

எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, அன்று முழுவதும் கலகலப்பாக இருந்தார். மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த லாரி டிரைவரிடம் லினக்ஸ் புராணத்தை முதலிலிருந்து தொடங்கினார். மன்னித்துவிட்டார் என்று அவளுக்கு மனசு லேசானது. சுண்டுவுக்கும் சேர்த்துக் காப்பி வரவழைத்தாள்.

கடை மூடும் நேரம் வந்தது. அவர் வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிஸ்க்கை மாட்டினார். ‘டேட்’ பார்த்தார். கட்டளையை அடித்து, பாஸ்வேர்டைக் கொடுத்தார். அதே வரி வந்தது.

அவர் உதடு அசையப் படித்தார்.

கடைக்காரிக்குப் புரிந்தது. காலையிலிருந்து அவரிடம் இருந்தது மன்னிப்பு இல்லை. சுண்டு உள்ளறை வாசலில் காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். நேற்றிருந்த அதே வியப்பு, அதே அடி, இரண்டும் அப்போதுதான் விழுந்ததுபோல் அந்த முகத்தில் இருந்தன.

“யாருக்குத் தெரிவிக்குமாம் இது?”

நாளைக்கும் இதே நாற்காலியில் இதே கேள்வி வரும். மறுநாளும் வரும்.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். கீபோர்டைத் தன் பக்கம் மெல்ல நகர்த்திக்கொண்டாள்.

“எனக்குத்தான்பா. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

அவர் திரையைப் பார்த்தார். கை மேஜைமேலேயே இருந்தது. கீபோர்டு இருந்த இடத்தில் விரல்கள் அசைந்தன.

“முதல்ல,” என்றார், “முதல்ல டேட் போடு.”