ட்ரையல் மூக்கு

டாக்டர் என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய வெள்ளைக் கோட்டின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. தைத்தவரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருந்தது. இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவளுக்குக் கண் வேறு எங்கே போகும்?

"சொல்லுங்க, மூக்குல என்ன பிரச்சினை?"

"பாத்தாலே தெரியலையா டாக்டர்? மேடே இல்ல. தண்டைத் தூக்கணும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பார்கள். ரொம்ப தூரம் ஏற வேண்டியதில்லை, அதனால் சீக்கிரம் வந்துவிடும். எனக்கு நாலு வயதிருக்கும்போது அண்ணன் 'சப்பை' என்று பேர் வைத்தான். முப்பத்தெட்டு வருடமாக அதுதான் பேர். வீட்டோடு இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். போன மாதம் தன் மகளின் நிச்சயதார்த்தத்தில் சொந்த மைக்கைக் கையில் பிடித்து, "சப்பை எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று நாலு ஸ்பீக்கரில் அலற விட்டான். நானும் போய்த் தொலைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். மறுநாள் மாப்பிள்ளைப் பையன் போன் செய்து, ரொம்ப மரியாதையாக, "சப்பை அத்தைங்களா?" என்றான்.

மூன்று மாதத்தில் கல்யாணம். அதற்குள் இந்தப் பேர் என் முகத்தை விட்டு இறங்கியாக வேண்டும்.

டாக்டர் நிதானமான மனுஷர். காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து மூக்குத் தண்டில் வைப்பார்களாம்.

"ஒட்டுப் போடுறீங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"சொந்தத் துணி, சாயம் போகாது. சரி, உள்ள எவ்வளவு விடுவீங்க?"

"என்ன விடணும்?"

"தையலுக்குள்ள கொஞ்சம் துணி விடுவோமே டாக்டர், பின்னாடி பிரிச்சு விடறதுக்கு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அப்படியெல்லாம் விடமாட்டார்களாம். பிடிக்கவில்லையென்றால் இன்னொரு ஆபரேஷன்தான், அது முதலாவதைவிடச் சிக்கல். மூச்சு அடைக்கலாம், லேசாகக் கோணலாம். ஒரு வாரம் கட்டு. அப்புறமும் கொஞ்ச காலம் மூக்கைச் சிந்தக் கூடாது. கல்யாணத்துக்குள் பார்க்கும்படி ஆகிவிடும், ஆனால் வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். கண்ணாடி மட்டும் ஒன்றரை மாதத்துக்கு மூக்கில் உட்காரக் கூடாது. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு ஊசியின் காதும் தெரியாது, எதிரில் நிற்பவரின் காதும் தெரியாது.

"சரி, ட்ரையல் எப்போ?"

"ட்ரையலா?"

"போட்டுப் பாக்காம எப்படி டாக்டர்? நான் ஒரு சட்டைக்கே ரெண்டு ட்ரையல் வைக்கிறேன்."

கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். அதிலிருந்தவள் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் படத்தை நம்பி நான் பட்டன்கூட வாங்கியதில்லை.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல" என்று கூசாமல் புளுகினேன்.

"பத்து நாள் யோசிச்சுச் சொல்லுங்க."

உட்கார்ந்து யோசிப்பது எனக்கு வராது. வெட்டித் தைப்பதுதான் வரும். காலருக்குள் வைக்கும் கேன்வாஸை மூன்றடுக்காக வெட்டி, தோல் நிற லைனிங் துணி போர்த்தி, ஒரு மூக்குத் தண்டு தைத்தேன். பிளாஸ்திரி ஒட்டி, மேலே பவுடர் பூசி, கண்ணாடியை ஏற்றினேன். அடேயப்பா! போட்ட நாளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்த கண்ணாடி முதன்முறையாக ஓரிடத்தில் நின்றது. கடையின் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பி ஒரு மணி நேரத்தை வீணடித்தேன்.

பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர் சாப்பிட்டபடியே நிமிர்ந்து பார்த்து, "ஜலதோஷமா?" என்றார். ஒரு வாடிக்கைக்காரி "மெலிஞ்சுட்டீங்களாக்கா?" என்றாள். இன்னொருத்தி "என் மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் ஆகியும் மூக்கை ஒருவரும் மூக்கென்று கண்டுகொள்ளவில்லை. பரவாயில்லை. யாருக்காகத் தைத்தேனோ, அவன் வரட்டும் என்று காத்திருந்தேன்.

எட்டாம் நாள் அண்ணன் கல்யாணக் கோட்டு ட்ரையலுக்கு வந்தான். கோட்டை மாட்டி நிற்க வைத்து, தோள், அக்குள், இடுப்பு என்று குண்டூசி குத்தினேன்.

"சப்பை, அக்குள்ள பிடிக்குது."

கண்ணாடியைக் கழற்றிப் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். "என்னை நல்லாப் பாருண்ணே."

"பாத்துட்டேன். என்ன சப்பை?"

"மூக்கு!"

"மூக்குக்கு என்ன சப்பை?"

அவ்வளவுதான். மூக்கைப் பிய்த்து வெட்டு மேஜை மேல் வைத்தேன்.

"ஐயோ சப்பை!" என்று அலறினான். நகரப் பார்த்தான், ஊசி குத்தியது. இன்னொரு தடவை அலறினான்.

போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டேன். "டாக்டர், யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டீங்களே. சொன்ன ஆள் இங்கதான் நிக்குது. மூக்கு வேணாம். நாக்குக்கு ஏதாவது ஆபரேஷன் இருக்கா?"

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், அழுகை முந்திக்கொண்டது.

"மைக்குல கூப்பிட்டியே, செத்துடலாம் போல இருந்துச்சுண்ணே."

அவன் கோமாளித்தனமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துவிட்டது. "நீ சொல்லவே இல்லையேம்மா."

"இப்ப சொல்றேன். கல்யாணத்துல என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். இங்கேயே ஒரு தடவை சொல்லிக் காட்டு. அது வரைக்கும் ஊசியை எடுக்க மாட்டேன்."

கைகளை விரித்தபடி நின்றவன், தொழில் பழக்கத்தில் தொண்டையைச் செருமி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான். சரிதான், அவன் தொழிலிலும் ட்ரையல் இருக்கிறது. அப்புறம் கண்ணை மூடிக் கொஞ்சம் தேடினான். தேடி எடுத்து, என் பேரைச் சொன்னான்.

புதுத் துணி மாதிரி அவன் வாயில் அது மொடமொடவென்று நின்றது. நாலு தடவை சொல்ல வைத்துவிட்டு, ஊசிகளை எடுத்தேன்.