வெண்கலப் பானைக்கு ஏற்ற அடுப்பு

கலவரம் நடக்கிற ஊரில் யாராவது அடுப்பு வாங்கக் கிளம்புவார்களா என்று கேட்டால், கிளம்பினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அறுபத்தொன்பதாம் வருஷம், தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. எங்கோ இருந்த மராட்டிய எல்லைத் தகராறு பம்பாய்த் தெருவுக்கு இறங்கி வந்திருந்தது. மதராஸிக் கடை என்றால் கண்ணாடி உடைந்தது. வேஷ்டி கட்டியவன் என்றால் மண்டை உடைந்தது. முதல்நாள் சயானில் ஒரு இட்லிக் கடைக்காரரைப் பிடித்து, அவர் கொதிக்க வைத்திருந்த சாம்பாரை அவர் காலிலேயே கவிழ்த்துவிட்டார்கள். அவர் அலறியது ரயில் பாலம் வரை கேட்டதாம்.

பாகீரதிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் மாட்டுங்காவில் அவள் சமையலறை மூலையில் காஸ் சிலிண்டர் வந்து உட்கார்ந்து பத்துப் பதினைந்து நாளாயிற்று. அதற்கு அடுப்புதான் இல்லை. மாசி பிறந்துவிட்டால் அவர்கள் குடும்பத்தில் புது அடுப்பு ஏற்ற மாட்டார்கள். பங்குனியும் ஆகாது. சித்திரை வரை கரி அடுப்பின் புகைதான். அவள், அவள் கணவர் பஞ்சாபகேசன், மூன்று குழந்தைகள், கல்யாணமாகாத மைத்துனர்கள் இருவர் என்று ஏழு பேருக்கு அந்தக் கரி அடுப்பில்தான் அவள் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். சமையல் முடிந்ததும் தணலின் மேல் தண்ணீரைத் தெளித்து அணைத்து, பாதி எரிந்த கரியை மறுநாளைக்கு எடுத்து வைப்பாள். புகுந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து, நெருப்பை அணைக்க அவள் அறிந்த வழி அது ஒன்றுதான்.

பஞ்சாபகேசன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கிங் சர்க்கிள் கடையில் அடுப்பின் விலையைக் கேட்டவர், அந்த விலைக்குச் சமைத்துப் போடவும் ஓர் ஆளைச் சேர்த்து அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார். தாராவியில் ஜெயினுலாப்தீன் என்ற திருநெல்வேலிக்காரர் தம் பட்டறையிலேயே அடுப்பு செய்து மலிவாகத் தருகிறார் என்று ஆபீஸ் நண்பர் சொல்லியிருந்தார். காலையில் தெரு அமைதியாக இருந்தது. போய்விட்டுச் சட்டென்று திரும்பிவிடலாம் என்று இருவரும் நடந்தார்கள். பாகீரதி துணிப்பையில் தன் வெண்கலப் பானையையும் எடுத்துக்கொண்டாள். பானை உட்காராத அடுப்பு எத்தனை மலிவாக இருந்து என்ன பிரயோஜனம்?

பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. தகரக் கூரை, ஒரே மரக்கதவு. ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை. கதவுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி, அவ்வளவுதான். ஜெயினுலாப்தீன் ஐம்பது வயது மனிதர். இவர்களைப் பார்த்ததும் திகைத்துப் போனார். இந்த நேரத்தில் வந்தீர்களே என்று கடிந்துகொண்டே உள்ளே உட்காரவைத்தார். அவரிடம் வேலை பார்க்கும் செல்லப்பாண்டி ஏறிட்டும் பார்க்கவில்லை. பித்தளைக் குழாய்களைத் தீயால் ஒட்டவைக்கிற காஸ் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாம்பார் கொட்டப்பட்ட இட்லிக் கடைக்காரர் அவனுடைய அண்ணன் என்று பாய் மெதுவாகச் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறார் என்று பாகீரதி கேட்டாள். தோல் மொத்தமும் கழன்றுவிட்டது என்றான் செல்லப்பாண்டி.

மூன்று அடுப்புகள் இருந்தன. வார்ப்பிரும்பு அடுப்பு மகன் காலம் வரை உழைக்கும், ஆனால் விலை கிங் சர்க்கிளை எட்டிப் பிடித்தது. தகர அடுப்பு கைக்குப் பூப்போல இருந்தது. பாகீரதி பானை நிறையத் தண்ணீர் பிடித்து அதன்மேல் ஏற்றினாள். அடுப்பு ஒருபக்கம் சாய்ந்தது. மூன்றாவது, இரும்புச் சட்டத்தில் இரண்டு பித்தளை பர்னர்கள் பொருத்திய நடுத்தர அடுப்பு. அதில் பானையை வைத்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்த சம்மந்தியம்மா கூட இப்படிப் பாக்க மாட்டாங்கம்மா" என்றார் ஜெயினுலாப்தீன்.

"பொண்ணுன்னா ஆத்துக்கு வந்தப்புறம் பழகிக்கும் பாய். அடுப்பு பழகிக்குமா?" என்றாள் அவள்.

இதுவே போதும் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை. சந்து முனையில் ஓர் அலறல் கேட்டது. பிறகு பல குரல்கள். பிறகு தகரத்தில் கல் விழும் சத்தம், மழை பிடித்துக்கொண்டதுபோல.

ஜெயினுலாப்தீன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தி இரும்புப் பட்டையைப் போட்டார். கதவிடுக்கு வழியே பாகீரதி பார்த்தாள். முப்பது நாற்பது பேர் இருக்கும். ஹாக்கி மட்டை, சைக்கிள் செயின், இரும்புக் கம்பி. எதிர் வரிசையில் ஒரு கைலிக்காரரை நான்கு பேர் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைக் கையால் மூடிக்கொண்டார். ஒருவன் அந்தக் கைமேலேயே கம்பியால் அடித்தான். விரல்கள் முறிகிற சத்தம் கேட்டதாக அவள் நினைத்தாள். முன்னால் வந்தவன் கையில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றிய பந்தம் எரிந்தது.

உள்ளே செல்லப்பாண்டி எழுந்தான். பட்டறைச் சிலிண்டரை முழுதாகத் திறந்து காஸ் விளக்கைப் பற்றவைத்தான். கையளவு நீலத் தீ சீறிக்கொண்டு நீண்டது.

"ஏலே, வேணாம்ல. அதக் கீழ வையி" என்றார் ஜெயினுலாப்தீன், கதவில் முதுகைக் கொடுத்தபடி.

"கதவத் தொறங்க மொதலாளி. மொதல்ல வர்றவன் மூஞ்சி எனக்கு. அதுக்கப்புறம் என்ன வேணா செய்யட்டும்."

அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கோபம் அப்படித்தான் வரும், துக்கத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு. பட்டறைக்காரரைத் தள்ளிவிட்டு அவன் பட்டையில் கை வைத்தான். ஒரு மனித முகத்தின்மேல் அந்தத் தீ பாய்வதைப் பாகீரதி மனக்கண்ணில் பார்த்துவிட்டாள். யோசிக்கவில்லை. பானையைத் தூக்கினாள். அத்தனை தண்ணீரையும் தீயின்மேல் கொட்டினாள்.

தீ அணைந்தது. செல்லப்பாண்டி வழுக்கித் தடுமாற, விளக்கு கை நழுவிக் கீழே விழுந்தது. அதே நொடியில் கதவுக்கு மேல் இடைவெளி வழியாக ஒரு கருங்கல் வந்து அவன் நெற்றியில் இறங்கியது. அவன் அப்படியே சாய்ந்தான். ரத்தம் தண்ணீரோடு கலந்து ஓடியது. பஞ்சாபகேசன் தம் கைக்குட்டையை அவன் நெற்றியில் அழுத்திக்கொண்டு "நாராயணா, நாராயணா" என்று முணுமுணுத்தார். கதவு அடி வாங்கி அதிர்ந்தது.

அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றத்தை முதலில் உணர்ந்தவள் பாகீரதிதான். தண்ணீர் தெளித்தால் கரி அடங்கிவிடும். காஸ் அடங்குமா? தீ போனதே தவிர, கீழே கிடந்த விளக்கின் வாயிலிருந்து காஸ் சீறிக்கொண்டே இருந்தது. வெளியே இருந்த கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. அவள் கத்தவும் ஜெயினுலாப்தீன் பாய்ந்து சிலிண்டரைத் திருகி அடைத்தார். எழுந்தபோது அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"அம்மா, உள்ள பூரா காஸு. கதவுக்கு மேல ஓட்டைல அந்தப் பந்தத்தத் தூக்கிப் போட்டான்னா நாமளும் இல்ல, அவனுவளும் இல்ல. கதவத் தொறந்தாத்தான் காஸு வெளிய போவும்."

கதவைத் திறந்தால் கும்பல். திறக்காவிட்டால் பந்தம். நான்கு பேர் உயிர் அந்த இரும்புப் பட்டையில் நின்றது. அது தன்னால் வந்த வினை என்பது பாகீரதிக்குத் தெரிந்தது. ஜெயினுலாப்தீன் தானே வெளியே போவதாகச் சொன்னார். அவர் இடுப்பில் கைலி இருந்தது. வாய் திறக்குமுன் விழுந்துவிடுவார்.

"நான் போறேன்" என்றாள் அவள்.

பஞ்சாபகேசன் அவள் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் செல்லப்பாண்டியின் ரத்தத்தில் பிசுபிசுத்தன. சற்றுப் பொறுத்து அவரே கையை விட்டார்.

ஜெயினுலாப்தீன் பட்டையை எடுத்தார். கதவு விரியத் திறந்தது. ஒன்பது கஜப் புடவையும் மூக்குத்தியுமாக ஒருத்தி வாசலில் வந்து நின்றதைப் பார்த்துக் கும்பல் ஒரு மூச்சு நேரம் தயங்கியது. அந்த ஒரு மூச்சு போதுமாயிருந்தது. மாட்டுங்கா மார்க்கெட்டில் காய்கறிக்காரிகளிடம் பேரம் பேசிப் பழகிய மராட்டியில், பந்தம் பிடித்தவனைப் பார்த்து அவள் சொன்னாள்:

"பாவூ, ஆக் நக்கோ. ஆத் காஸ் ஆஹே. தும்ஹீ மரால்."

நெருப்பு வேண்டாம் தம்பி, உள்ளே காஸ் இருக்கிறது, நீங்கள் செத்துப்போவீர்கள். எங்களைக் கொன்றுவிடாதே என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது அது தோன்றவே இல்லை. பந்தத்துக்கு மேலே தெரிந்த முகம் அவள் இளைய மைத்துனனின் வயது முகம். அது எரியக் கூடாது என்பதுதான் அவள் நெஞ்சில் இருந்தது.

பொய் சொல்கிறாள் என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு கல் வந்து அவள் கன்னத்து எலும்பில் மோதியது. கண் இருண்டது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியை விடவில்லை. வாயில் வழிந்த ரத்தத்தோடு அதையே திரும்பச் சொன்னாள். தும்ஹீ மரால்.

பந்தக்காரனின் மூக்கு சுருங்கியது. காஸ் தரையோடு தவழ்ந்து அவனிடம் போய்க்கொண்டிருந்தது. அவன் திரும்பி ஓடினான். சாக்கடையில் பந்தத்தை வீசி, செருப்புக் காலால் அழுத்தி அழுத்தி அணைத்தான். அதோடு அவன் போயிருக்கலாம். போகவில்லை. இரும்புக் கம்பியோடு பட்டறைக்குள் நுழையப் பாய்ந்த தன் ஆட்களைக் கைகளை விரித்து மறித்தான். ஒரு பொறி தெறித்தாலும் சந்தே போய்விடும் என்று கத்தினான். அவர்களுக்கு அது கேட்கவில்லை. மதராஸிக்குப் பரிந்துகொண்டு வருகிறான் என்பதுதான் கேட்டது. ஹாக்கி மட்டை அவன் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்து கை தொங்கியது. சைக்கிள் செயின் முதுகைக் கிழித்தது. அவன் முழங்காலில் விழுந்த பிறகும் அடித்தார்கள்.

பஞ்சாபகேசன் தம் வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தியறியாதவர். அவர் எப்படி வெளியே போனார் என்று அவருக்கே தெரியாது. அடிகளுக்கு நடுவே குனிந்து அந்த இளைஞனின் அக்குளில் கை கொடுத்து உள்ளே இழுத்தார். அவர் முதுகிலும் இரண்டு விழுந்தன. மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. ஜெயினுலாப்தீன் இன்னொரு பக்கம் பிடித்தார். வாசலெங்கும் நாற்றம் பரவவே, கும்பலில் சிலருக்கு இப்போதுதான் பயம் வந்தது. பின்வாங்கினார்கள். அதற்குள் ரோட்டில் யாரோ அழைத்தார்கள். எல்லாரும் அங்கே ஓடினார்கள். அங்கே அன்று ஒரு டீக்கடை எரிந்தது. அதன் சொந்தக்காரர் பிழைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார்கள். ஒருத்தி வாசலில் நின்று காத்த உயிர்கள் சில. யாரும் நில்லாத வாசல்கள் அந்த ஊரில் நிறைய இருந்தன. பகவான் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கதவைத் திறந்தே போட்டுவிட்டு ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கர்ஃப்யூ. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பாகீரதி தன் தலைப்பைக் கிழித்துச் செல்லப்பாண்டியின் நெற்றியில் ஒரு பாதியையும், பந்தம் பிடித்து வந்த மராட்டிக்காரனின் தொங்கிய கையில் மறுபாதியையும் கட்டினாள். தன் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போனதை அவள் பொருட்படுத்தவில்லை. அந்தி சாய்ந்து உள்ளே இருட்டியது. காஸ் நாற்றம் முற்றிலும் போகவில்லை. விளக்கேற்ற யாருக்கும் துணிவில்லை.

செல்லப்பாண்டி கண் விழித்தான். எதிரில் மராட்டியில் முனகிக்கொண்டிருப்பவன் கும்பலைச் சேர்ந்தவன் என்று அந்த அரையிருட்டிலும் அவனுக்குத் தெரிந்தது. கை தரையில் துழாவி ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்தது.

"கீழ வையில" என்றார் ஜெயினுலாப்தீன்.

அவன் வைக்கவில்லை. பாகீரதி நகர்ந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

மராட்டிக்காரன் வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்தான். பழக்க தோஷம், நல்ல கையால் சட்டைப்பையைத் தடவி ஒரு பீடியை எடுத்து உதட்டில் வைத்தான். பிறகு தீப்பெட்டியை எடுத்தான். எல்லாரும் அதையே பார்த்தார்கள். அவனும் தீப்பெட்டியைப் பார்த்தபடி அப்படியே இருந்தான். பீடியை உதட்டிலிருந்து எடுத்துக் கீழே போட்டான். பிறகு பாகீரதியின் முழங்காலைத் தாண்டிக் கையை நீட்டி, கம்பி பிடித்திருந்தவனிடம் தீப்பெட்டியைக் கொடுத்தான்.

செல்லப்பாண்டி வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தான். கம்பியைப் பிடித்த கையால் தீப்பெட்டியை வாங்க முடியாது. மற்றக் கை நெற்றிக் கட்டைப் பிடித்திருந்தது. கடைசியில் கம்பியைக் கீழே வைத்தான். தீப்பெட்டியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"தோள் ரொம்ப வலிக்கிதா?" என்று இந்தியில் கேட்டான்.