மப்ரூக்கா கேட்ட கட்டுரை

ரவ்தா தொலைபேசியில் கூப்பிட்டபோது ஷாத்லி சமையலறையில் மத்தி மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் அவர் மனைவி சலூஹாதான் போனை எடுத்து அவர் காதருகே பிடித்தாள். தலைநகர் துனிஸில் ஒரு சின்னச் செய்தித் தளத்தை நடத்துகிறவள் ரவ்தா. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தியாகச் செய்வதால் எப்போதும் மூச்சு வாங்கியபடிதான் பேசுவாள்.

"சார், இந்த வியாழக்கிழமையோட நீங்க நம்மகிட்ட எழுத ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. இந்தத் தடவை மந்திரி, தேர்தல் எல்லாம் வேணாம். வாசகர்களோட முதல் வருஷம் எப்படி இருந்துச்சுன்னு மனசு விட்டு எழுதுங்க. அழ வெக்காம எழுதுங்க, அவ்வளவுதான்."

"நான் என்ன அழுகாச்சியா எழுதுறேன்?"

"நீங்க அழ மாட்டீங்க சார். படிக்கிறவங்கதான் அழுவாங்க."

சலூஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே மீன் தட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஷாத்லி, கடலோரக் காபிஸ் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துபவர். இருபத்தைந்து வருஷமாகச் செத்துப்போன அரசர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துச் சலித்திருந்த நேரத்தில், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத ஒரு கோடையின் கடைசியில், கோபத்தோடு ஒரு பக்கம் எழுதி ரவ்தாவுக்கு அனுப்பினார். அது வந்தது. நிறையப் பேர் படித்தார்கள். வாரா வாரம் எழுதச் சொன்னாள். தொடங்கும்போது அவர் தனக்கென்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டார். ஆறுதலுக்காகப் பொய் எழுதுவதில்லை. தேர்தல் நாளில் வாக்குச்சாவடிகள் காற்று வாங்கும் என்று எழுதினார், காற்று வாங்கின. புது மருத்துவமனைக்கு நட்ட கல் கல்லாகவே இருக்கும் என்று எழுதினார். இன்றைக்கும் அதன்மேல் ஆடு ஏறி நிற்கிறது. ஒவ்வொரு முறை சொன்னது பலிக்கும்போதும் உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப்பார்க்கும். கொஞ்ச நேரத்தில் அது வெட்கமாக மாறும். மருந்துக்கடைக்காரர் அவரைக் கண்டதும் கட்டுரையிலிருந்து வரிகளை ஒப்பித்து, "அப்படியே நடந்துச்சு பாத்தீங்களா" என்பார், பந்தயத்தில் தான் ஜெயித்ததுபோல. காபிக்கடையில், "எழுதுங்க, நல்லா எழுதுங்க, என் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்பார்கள். ஒரு தடவை காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காபி கொடுத்து, மூன்றாம் பத்தியில் இருந்த ஓர் இலக்கணப் பிழையை அதிகாரி சுட்டிக்காட்டினார். பிழைதான். மறுவாரமே தலைமையாசிரியர் அவரிடமிருந்த பெரிய வகுப்புகளை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். எழுதினால் ஏதோ ஒன்று, ஒரு ஆணியாவது, இடம் பெயரும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். இடம் பெயர்ந்தது அவருடைய வகுப்பு அட்டவணை மட்டும்தான்.

மறுநாள் பிற்பகல் மப்ரூக்கா வந்தாள். மருதாணி இலை அரைக்கும் ஆலையில் வேலை செய்கிறவள். சந்தையில் சலூஹாவுக்குப் பழக்கம். வழக்கமாகச் சலூஹாவிடம் பேசிவிட்டுப் போய்விடுபவள், அன்று ஷாத்லி இருந்த அறை வாசலில் வந்து நின்றாள். படகேறித் திருட்டுத்தனமாக இத்தாலிக்குப் போவதை அந்த ஊரில் 'எரிப்பது' என்பார்கள். எதை எரிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மப்ரூக்காவின் பெரிய மகன் நிஸார் போன இலையுதிர்காலத்தில் எரித்துவிட்டுப் போனவன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. சின்னவன் ஐமன் ஷாத்லியிடம் படித்தவன், இப்போது மோட்டார் பழுது பார்க்கிறான்.

"சார், எனக்குப் படிக்கத் தெரியாது. வியாழக்கிழமை வேலைய முடிச்சிட்டு வந்து ஐமன்தான் நீங்க எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுவான்."

ஷாத்லிக்குக் கூச்சமாக இருந்தது. "உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை.

"இருபது வருஷத்துக்கு இங்க எதுவும் மாறாதுன்னு எழுதுனீங்களாமே."

எழுதியிருந்தார். குளிர்காலத்தில் எழுதியது. 'இன்னும் இருபது வருஷத்துக்கு இங்கே எதுவும் மாறாது. மாறும் என்று சொல்கிறவர்கள் நம்மிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்கள்.' அந்த ஆண்டில் அதிகம் பகிரப்பட்ட வாக்கியம் அதுதான்.

"எங்க தெருப் பசங்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க சார். பஸ் வரலியா, இருபது வருஷம். தண்ணி வரலியா, இருபது வருஷம். ஐமனும் சிரிக்கிறான். போன வாரம் அவன் பைக்கை வித்துட்டான். எதுக்குடான்னா பழசாயிடுச்சுன்றான்." முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கடல் இப்ப அடங்கியிருக்கு சார். நீங்க ஒரே ஒரு வாரம், நல்லா ஆயிடும்னு எழுதுங்க. நான் சொன்னா அவன் கேக்க மாட்டான். நீங்க எழுதுனா நம்புவான்."

"நல்லா ஆகும்னு எனக்கே தெரியாதே. பொய் எழுதச் சொல்றீங்களா?"

"ஆமா சார்" என்றாள் மப்ரூக்கா.

அவள் போன பிறகு ஷாத்லி சமையலறைக்குப் போய், ஓர் எழுத்தாளனிடம் இப்படிக் கேட்பது நியாயமா என்று சலூஹாவிடம் ஆரம்பித்தார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"படிக்க ஆள் வேணும்னு ஏங்குனீங்க. வந்திருக்கா. என்ன வேணும்னு கேக்குறா. இதுல நியாயம் எங்க வந்துச்சு?"

அடுத்த நாள் பள்ளி விட்டதும் ஐமனின் கடைக்குப் போனார். பிரித்துப் போட்டிருந்த இயந்திரத்தின் பக்கத்திலிருந்து ஐமன் எழுந்து, கையை எண்ணெய்த் துணியில் துடைத்து, அப்போதும் கறை போகாததால் மணிக்கட்டை நீட்டி வணக்கம் சொன்னான். அவருக்குக் கவிழ்த்த வாளி ஒன்றை இழுத்துப் போட்டான்.

"அம்மா வந்துச்சா சார்?"

"வந்தாங்க."

"நீங்க எழுதுறதாலதான் நான் போறேன்னு நெனைக்குது. பாவம். அப்படியெல்லாம் இல்ல சார். நீங்க எழுதுறதுக்கு முன்னாடியே எங்களுக்கெல்லாம் தெரியும். நீங்க அத அழகா எழுதுறீங்க, அவ்வளவுதான்."

இங்கே வரும் வழியெல்லாம் ஒரு உயிருக்குத் தான் பொறுப்பு என்ற பயம் ஷாத்லியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. அது சட்டென்று இறங்கியது. இறங்கிய இடத்தில் எதுவும் இல்லை. பயம் இருந்தபோது தேவலை என்று தோன்றியது.

"அப்ப எதுக்குப் படிக்கிறே?"

ஐமன் யோசித்தான். "அம்மாவுக்குப் பிடிக்கும் சார். நான் சத்தமாப் படிச்சா பக்கத்துல வந்து உக்காந்துக்கும். கடுமையா இருக்குற வரியெல்லாம் தாண்டிடுவேன். சில வாரம் ரெண்டு நிமிஷத்துலயே முடிஞ்சிரும்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நல்லதா ஒண்ணு எழுதுங்களேன் சார், அம்மாவுக்காக. முழுசாப் படிச்சுக் காட்டுறேன்" என்றான்.

"போகாதே ஐமன்."

"இங்க இருந்து என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

ஷாத்லி வாயைத் திறந்தார். ஒரு வருஷமாக, எதைச் செய்தாலும் ஏன் பயனில்லை என்று விளக்கி எழுதியவர் அவர். சொல்லக்கூடிய ஒவ்வொரு பதிலையும் அவரே ஏற்கனவே மறுத்து எழுதியிருந்தார். எழுந்து, வாளியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று மாலையே எழுதினார். உண்மையான நல்லது ஏதாவது கிடைக்குமா என்று முதலில் தேடிப் பார்த்தார். கடற்கரையில் நட்ட மரக்கன்றுகளை நினைத்தார். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அவை கருகியது நினைவுக்கு வந்தது. திரும்பத் திறந்த நூலகத்தை நினைத்தார். அதைப் பாதி நாள் பூட்டிவைத்திருப்பதைப் பற்றி அவரே எழுதியிருந்தார். பிறகு தேடுவதை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். இருபது வருஷம் என்று சொன்னது தன் களைப்பு, நாட்டின் நிலை அல்ல என்று எழுதினார். இந்த ஒரு வருஷத்தில் வாசகர்கள் தனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுதினார். மாற்றம் நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது, அதைப் பார்க்க இங்கேயே இருக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று எழுதினார். மற்ற வாரங்களில் ஒரு பத்திக்கு ஒரு மாலை ஆகும். இது தடையில்லாமல் வந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

சலூஹா படித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அது வந்தது. ரவ்தா போனில், "சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லியே" என்று மட்டும் கேட்டாள். கட்டுரைக்குக் கீழே வாசகர்கள் வரிசையாக வந்தார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்றார் ஒருவர். காவல் நிலையத்துக் காபி வேலை செய்கிறது என்றார் இன்னொருவர். எதையோ விற்கப் பார்க்கிறார்கள் என்று எழுதினீரே, நீர் விற்பது என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த அறிவான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மருந்துக்கடைக்காரர் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரத்த அழுத்த மாத்திரையைக் கடைப் பையன்தான் எடுத்துக் கொடுத்தான். எதற்கும் ஷாத்லி பதில் சொல்லவில்லை. ஐமன் போகாமல் இருந்துவிட்டால் இவ்வளவும் மலிவு என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவன் கடை திறந்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தார். சனிக்கிழமையும் திறந்திருந்தது. அன்று இரண்டு கிலோ மாதுளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏன் வாங்கினார் என்று சலூஹாவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பையன்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று அதட்டினார். ஞாயிறு விடியற்காலை ஒரு படகு போயிருக்கிறது. மோட்டார் ரிப்பேர் ஐமன் அதில் இருந்தான்.

அவர் போனபோது மப்ரூக்காவின் வீட்டு முற்றத்தில் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்தவள் ஒருத்தி மாடிப்படியைக் கை காட்டினாள். மொட்டைமாடி நெடுகக் கொடி கட்டி, மப்ரூக்கா சட்டைகளைக் காயப்போட்டிருந்தாள். எல்லாம் ஆண்களின் சட்டைகள். அவரைப் பார்த்ததும் பக்கத்தில் கிடந்த முக்காலியைத் தள்ளிவிட்டாள். அவள் பேச்சில் கோபம் இல்லை.

"எழுதிட்டீங்க சார். முழுசாப் படிச்சான். ஒரு வரிகூடத் தாண்டல, எனக்குத் தெரியும், மூச்சு விடாமப் படிச்சான்."

"அப்புறம் ஏன்..."

"படிச்சிட்டு என் தலையில முத்தம் குடுத்தான். 'பாத்தியாம்மா, சாரே சொல்லிட்டாரு, ஊரு சீக்கிரம் நல்லாயிடும். இனி உன்ன இங்க விட்டுட்டுப் போறதுல எனக்குக் கவலை இல்ல'ன்னான்."

ஷாத்லி முக்காலியில் உட்கார்ந்தார். அப்படி நினைத்து எழுதவில்லை என்று சொல்ல நினைத்தார். எப்படி நினைத்து எழுதினார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"துணியெல்லாம் எதுக்குத் துவைச்சீங்க?"

"இங்கிருந்து கடல் தெரியாது சார். அந்தக் கட்டடம் மறைக்குது. இதுங்க அசைஞ்சா காத்துன்னு தெரிஞ்சிக்கலாம். நேத்துலேந்து பாத்துட்டுதான் இருக்கேன். ஒண்ணும் அசையல. நல்லது."

கீழே யாரோ தேநீருக்குப் புதினா கேட்பது கேட்டது. சட்டைகள் எல்லாம் எப்போதோ உலர்ந்து மொடமொடப்பாகியிருந்தன. நிஸாருடையது எது, ஐமனுடையது எது என்று அவர் பிரித்துப் பார்க்க முயன்றார். கொடியின் கடைசியில் தொங்கிய நீலச் சட்டையின் ஒரு கை மெல்ல எழுந்து, பக்கத்துச் சட்டையைத் தொட்டுவிட்டு இறங்கியது. மப்ரூக்கா எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.